ஏலத்துக்கு வரும் 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: எடுக்கலாமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

பீளமேடு வாசு
பிப்ரவரி 2

வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் பல வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையின் சொத்துகளை அரசு சார்பில் ஏலம் விடுகிறார்கள். மோட்டார், எடைமேடை, பழைய இரும்பு என்று நீளும் பட்டியலில் கடைசிக்கு முந்தின வரி இது: “கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நான்கு கதவு, 1969, ஓடாத நிலை.”

நேற்றுப் போய்ப் பார்த்தேன். பஞ்சு குடோனுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு படிந்துவிட்டன. வண்டி முழுக்கப் பஞ்சுத் தூசி, போர்வை போர்த்திய மாதிரி. ஓர் இடத்தில் விரலால் தள்ளிப் பார்த்தேன், அடியில் வெளிர் நீலம். யாரும் கை வைத்துப் புதுப்பித்த வண்டி இல்லை. மில் வாங்கியது, மில்லுக்காக ஓடியது, மில்லிலேயே நின்றுபோனது.

என் சின்ன வயதில் எங்கள் தெரு டாக்டர் ஹெரால்ட்தான் வைத்திருந்தார். ஒரு ராத்திரி எனக்கு ஜுரம் ஏறி ஜன்னி கண்டபோது அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதனால் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை.

ஏலம் 14ஆம் தேதி. ஆரம்ப விலை 60,000. முன்வைப்புத் தொகை 10,000. ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனை. அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரம், வண்டியைப் பார்க்க விடுவார்கள். ஸ்டார்ட் செய்து பார்க்க அனுமதி கிடையாது. இதுவரை ஒரு யெஸ்டி பைக் மட்டும் பிரித்துக் கட்டியிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்க்கட்டும்?

மயிலை ஸ்பேனர்
பிப்ரவரி 2

வாசு சார், முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சின் கடைசி. முதலில் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அடுத்தது பாடி, அதற்கடுத்து காணாமல் போன சாமான்கள். இஞ்சினை எப்படியும் ஓட வைத்துவிடலாம். துரு தின்ற சேஸிஸை நேராக்குவது இன்னொரு வண்டி வாங்கும் செலவு.

ஹெரால்டில் ஒரு நன்மை, அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடி துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. கூரையைக்கூடக் கழற்றலாம். அதனால் பார்வைக்கு எவ்வளவு கோரமாக இருந்தாலும் சேஸிஸ் நன்றாக இருந்தால் பயம் இல்லை. ஒரு பழைய சாக்கு, டார்ச், ஸ்க்ரூடிரைவர், சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுங்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. முதலில் அழுகுவதும் அவைதான். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்றால் துருவும் மண்ணும்தான் இருக்கிறது. பின்னால் டிஃபரென்ஷியல் தொங்கும் இடத்தையும் அதே மாதிரி தட்டிப் பாருங்கள்.

அப்புறம் டிக்கித் தரை, பேட்டரித் தட்டு, முன்சீட்டில் கால் வைக்கும் இடம். மிதியடியைத் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். காந்தம் கதவுக்கு அடிப்பக்கத்துக்கு. ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி.

ஈரோடு லேத்
பிப்ரவரி 3

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இஞ்சினைக் கடைசியில் பார்த்தாலும் ஒரு சோதனையை விட்டுவிடாதீர்கள். இது இங்கிலாந்து ட்ரையம்ஃப் கம்பெனிக் குடும்பத்து 948 சிசி இஞ்சின். கிராங்க் (இஞ்சினின் சுழல்தண்டு) முன்னும் பின்னும் நகராமல் இருக்க, பின்பக்க மெயின் பேரிங்கில் அரை வட்டமாக த்ரஸ்ட் வாஷர் இருக்கும். அது தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் ஒன்றையொன்று அரைத்துவிடும். என் லேத்துக்கு வந்த இரண்டு பிளாக்குகள் அப்படிப் போனவை. ஒன்றைக் காப்பாற்ற முடிந்தது. மற்றொன்றை முடியவில்லை.

ஓடும் வண்டியென்றால் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் ஃபேன் பெல்ட் புல்லி நகர்கிறதா என்று பார்ப்போம்.

மயிலை ஸ்பேனர்
பிப்ரவரி 3

அண்ணா, இந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக். இத்தனை வருடம் நின்றதில் சிலிண்டர் காய்ந்திருக்கும், பெடல் சும்மா விழும். புல்லிக்குப் பின்னால் டயர் லிவரைக் கொடுத்து மெதுவாக முன்னே நெம்பி, பிறகு பின்னே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோடு லேத்
பிப்ரவரி 3

ஆமாம், சரியாகச் சொன்னீர்கள். லிவர்தான். நாலு தவு முதல் எட்டு தவு வரை ஆட்டம் இருக்க வேண்டும் (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கண்ணுக்கே நன்றாகத் தெரிந்து ‘டக் டக்’ என்று சத்தமும் வந்தால், ஏலம் கேட்கும் தொகையில் ஓர் இஞ்சின் விலையைக் கழித்துவிடுங்கள்.

படிவம் 32
பிப்ரவரி 3

வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பேப்பர் பற்றிச் சொல்கிறேன். 34 வருடம் இந்த வேலைதான் பார்த்தேன்.

வழக்கமான பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அரசு சார்பில் நடக்கும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்கு அது பொருந்தாது. அதற்கென்றே படிவம் 32 இருக்கிறது. வண்டியைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏலம் நடத்த அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட, விற்பனையை உறுதி செய்யும் உத்தரவின் சான்றிட்ட நகல் கூட வேண்டும். ரசீது மட்டும் போதாது. பலர் ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனால் அந்த அதிகாரி மாறியிருப்பார்.

ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைந்திருந்தால் நகலுக்குப் படிவம் 26. எல்லாவற்றையும்விட முக்கியம், சேஸிஸ் நம்பர். பார்வையிடும் நாளில் ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏலப் பட்டியலில் உள்ள எண், ஆர்.சி.யில் உள்ள எண், உங்கள் பென்சில் தாளில் உள்ள எண், மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் கை தூக்குங்கள்.

திருச்சி மலைக்கோட்டை
பிப்ரவரி 4

எடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மனம் நொந்து சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

நானும் இப்படி ஓர் ஏலத்தில் ஒரு ஃபியட் எடுத்தேன். பார்க்கப் போன அன்று கார்புரேட்டர், டைனமோ, ரேடியேட்டர் எல்லாம் இருந்தன. பணம் கட்டி, பன்னிரண்டு நாள் கழித்து வண்டி எடுக்கப் போனால் மூன்றும் இல்லை. கேட்டதற்கு ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியைக் காட்டினார்கள். என்னிடம் அன்றைய போட்டோ ஒன்றுகூட இல்லை. வண்டி இரண்டு வருடம் வீட்டு வாசலில் நின்றது. கடைசியில் அதை எடைக்குப் போட்ட அன்று என் மனைவி அழுதாள். வண்டிக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதிலேயே போனதற்காக.

அதையும் மீறி எடுப்பதாக இருந்தால், பார்க்கப் போகும் நாளில் ஒரு சாமான் விடாமல் போட்டோ எடுங்கள். அங்கே இருக்கும் பொறுப்பாளரிடம் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

நல்லூர் கராச்
பிப்ரவரி 5

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கனக்க இருந்தது. 1990க்குப் பிறகு தடை வந்து பெற்றோல் கிடைக்காத காலத்தில் அந்த வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவம். ஐயா கராச் வைத்திருந்தார், நான் அங்க நின்று பழகினனான்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துப் பிரித்தானிய எஞ்சின்கள் லேசில் சாகாது தம்பி. மண்ணெண்ணெய் எரியாமல் கீழே இறங்கி ஓயிலைத் தண்ணீராக்கிவிடும், அப்படியும் ஓடியது. ஓயில் குச்சியை இழுத்துப் பாருங்கோ. கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. தேத்தண்ணியில் பால் கலந்த நிறம் என்றால் தண்ணி போயிருக்கு. மணந்தும் பாருங்கோ.

தாம்பரம் 48
பிப்ரவரி 5

இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா வண்டலூரில் ஹெரால்ட் செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் பாடி பிரிவில் வேலை பார்த்தவர். வண்டலூர் பக்கம் ரயிலில் போகும்போது இப்போதும் அந்தத் திசையில் என் கண் போய்விடும்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியர் ஜொவானி மிக்கெலோட்டி. அது 1961இல் மதராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வந்தது. நான்கு கதவு ஹெரால்ட் இங்கிலாந்தில் கிடையாது. நம் ஊருக்காக, நம் ஊரில் செய்தது. 1968இல் மார்க் 3 வந்தது. பின்சக்கர அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பிடிக்காததால் 1972இல் அதை மாற்றி கேசல் என்று விட்டார்கள். அதுவும் 1977உடன் நின்றது.

ஆகவே வாசு, இங்கிலாந்திலிருந்து பிரேக் கிட், கேஸ்கெட், பேரிங் வரவழைக்கலாம். ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகளில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் பின்கதவும் அதன் கண்ணாடியும் கைப்பிடியும் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பீளமேடு வாசு
பிப்ரவரி 9

பார்த்துவிட்டு வந்தேன். சாக்கு விரித்துப் படுத்ததைப் பார்த்த காவலாளி தன்னுடைய போர்வையையும் கொண்டுவந்து கொடுத்தார்.

சேஸிஸ்: வலதுபுறம் எல்லாம் ‘டங்’. இடதுபுறப் பின்பட்டை ஒன்று மட்டும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகும் அளவுக்கு அழுகல். கூரைத் தகரத்தில் ஓட்டை இருந்த பக்கம் அது. டிஃபரென்ஷியல் இடம் உறுதி. டிக்கித் தரையில் கைக்குட்டை அளவு ஓட்டை. நான்கு கதவின் அடியிலும் காந்தம் ஒட்டியது. பட்டி எங்குமே இல்லை!

முன்பக்கத்தைத் திறக்கத்தான் பயந்தேன். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்ததும் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்னால் சாய்ந்தது. கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. எலிக் கூடு ஒன்று. இஞ்சின் சுற்றவில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் லிவர் வைத்து நெம்பியபோது புல்லி கண்ணுக்குத் தெரிந்து நகரவில்லை. கையில் மட்டும் மெல்லிய ஓர் அசைவு. ஓயில் கறுப்பு, பால் நிறம் இல்லை. நல்லூர் அண்ணா, மணந்தும் பார்த்தேன்.

எம்.எஸ். எனத் தொடங்கும் பழைய மதராஸ் எண். ஆர்.சி. புத்தகம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. மூன்று எண்களும் ஒன்று. 87 போட்டோ எடுத்தேன். பட்டியலில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன், கேட்டதும் போட்டார்கள்.

இடது பின்கதவு உள்பக்கக் கைப்பிடி மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு நூல்கயிறு முடிந்து தொங்குகிறது. இழுத்தால் கதவு திறக்கிறது.

மயிலை ஸ்பேனர்
பிப்ரவரி 9

எடுங்கள் சார். ஆனால் இன்றைக்கே உச்ச விலையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஜி.எஸ்.டி., வண்டி ஏற்றி வரும் கூலி, டயர், பிரேக், டிங்கரிங், பெயிண்ட், குஷன் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு அதற்கு மேல் பாதி சேருங்கள். நல்ல ஹெரால்ட் என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து இதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் எல்லை. ஏலத்தில் ‘இன்னும் ஒரு ஐயாயிரம்தானே’ என்ற குரல் உள்ளே கேட்கும். அது ஆறு முறை கேட்டால் முப்பதாயிரம்.

பீளமேடு வாசு
பிப்ரவரி 14

எடுத்துவிட்டேன். 1,12,000. தாளில் எழுதியிருந்தது 1,15,000.

எதிரில் கேட்டவர் பழைய இரும்பு வியாபாரி. எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தார். எண்பதாயிரத்தைத் தாண்டியும் அவர் நிறுத்தாதபோது கை நடுங்கியது. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்றபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, “ஓட்டப் போறீங்களா, ஒடைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். ஓட்டப் போகிறேன் என்றேன். “அப்ப சரி” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

திருச்சி மலைக்கோட்டை
பிப்ரவரி 14

வாழ்த்துகள் சார். வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். இப்போது முழு மனதோடு சொல்கிறேன், நன்றாக வரட்டும். வண்டியை எடுக்கும்போது 87 போட்டோவையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

படிவம் 32
பிப்ரவரி 15

உறுதி உத்தரவின் நகல். மறக்க வேண்டாம்.

பீளமேடு வாசு
மார்ச் 1

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 87 போட்டோவும் ஒத்துப்போயின. உத்தரவு நகல் கையில். படிவம் 32 கொடுத்தாகிவிட்டது. காருக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்தது என் அம்மா. உருளாத சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

இப்போது பெரிய சந்தேகம். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு முழுக்கப் பிரித்து, சாண்ட் பிளாஸ்ட் அடித்து (மணலை வேகமாகப் பீய்ச்சிப் பழைய பெயிண்டைச் சுரண்டுவது), புதுப் பெயிண்ட் போட்டுவிடலாமா? ஒர்க்ஷாப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவிநாசி ரோடு
மார்ச் 1

தயவு செய்து நிறுத்துங்கள். காய்ந்த துணியால்கூடத் துடைக்காதீர்கள். தூசி உப்புத்தாள் மாதிரி பெயிண்டைக் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளுங்கள், பிறகு நிறையத் தண்ணீர், சோப்பு, மெல்லிய துணி. அடியில் இருப்பது 1969இல் மதராஸில் அடித்த பெயிண்ட். இன்னொரு முறை அடித்தால் அது திரும்ப வராது.

2015 பிப்ரவரியில் பாரிஸில் பெய்யோன் குடும்பத்துக் கார்களை ஆர்ட்க்யூரியல் என்ற நிறுவனம் ஏலம் விட்டது. பிரான்ஸின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தவை. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்த 1961 ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. தூசியோடுதான் மேடையில் வைத்தார்கள். யாரும் தொடாத வண்டி என்பதுதான் அதன் மதிப்பு. நம் ஊரில் புதுப்பித்த வண்டிகள் ஏராளம், தொடாத வண்டிகள்தான் இல்லை. கோவை ஜீடி கார் மியூசியத்துக்குப் போகும்போதெல்லாம் இதைத்தான் யோசிப்பேன். மின்னும் கார் அழகு, சரி. ஆனால் செய்தவர்களின் கை அதில் தெரிவதில்லை.

ஈரோடு லேத்
மார்ச் 2

நண்பரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அது ஃபெராரி, மேடையில் நிற்கும். இது ஹெரால்ட், மழையில் நிற்கும். அழுகிய பட்டையைத் துருவோடு காப்பாற்றி வைத்தால் ஒரு நாள் பாடி ரோட்டில் உட்காரும். காப்பது என்றால் ஓடும்படி காப்பதுதான்.

அவிநாசி ரோடு
மார்ச் 2

அழுகியதை வெட்டிப் புதிதாகப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. அழுகாததை ஏன் சுரண்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கதவுத் தகரத்தில் சாண்ட் பிளாஸ்ட் அடித்தால் அலை அலையாக நெளிந்துவிடும். அப்புறம் அதை மறைக்கப் பட்டி. இத்தனை வருடம் பட்டி படாத கதவு அது.

படிவம் 32
மார்ச் 3

இதில் சட்டமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். புதிதாகப் பதிவதானால் 20,000 ரூபாய் கட்டணம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆகவே எம்.எஸ். எண் உங்களோடு இருக்கும். ஆனால் விண்டேஜ் ஆக்கினால் தினசரி வேலைக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்.

யாராவது மாருதி இஞ்சினை மாற்றிப் போட்டால் சுலபம் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் அது விண்டேஜ் இல்லை.

பீளமேடு வாசு
ஏப்ரல் 6

அவிநாசி ரோடு சார் சொன்னபடியே கழுவினேன். மூன்று நாள் ஆனது. கூரை, கதவுகள், டிக்கி மூடி எல்லாவற்றிலும் பழைய நீலம் உயிரோடு இருக்கிறது. சாவி கீறிய இடங்கள், ஓட்டுநர் கை வைத்து வைத்து மங்கிய இடம் எல்லாம் தெரிகிறது. பெயிண்ட் அடிப்பதில்லை என்று முடிவு. டிக்கித் தரை, இடது பட்டை, பேட்டரித் தட்டு மட்டும் வெட்டிப் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, அந்த இடத்துக்கு மட்டும் நிறம் சேர்க்கப் போகிறேன்.

இஞ்சின் சேதி. பிளக் நான்கையும் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் விட்டேன். தினமும் காலையில் காபிக்கு முன் புல்லி நட்டில் சாக்கெட் போட்டு ஒரு நூல் அளவு அப்படி, ஒரு நூல் அளவு இப்படி. வம்பு செய்யவில்லை, செல்ஃப் போடவில்லை. பதினோராவது நாள் காலை, சாக்கெட் கைப்பிடி வெண்ணெயில் இறங்கிய மாதிரி நகர்ந்தது. சத்தம்கூட இல்லை. கையை எடுக்கப் பயமாக இருந்ததால் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மயிலை ஸ்பேனர்
ஏப்ரல் 6

அருமை சார்! இப்போது அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். முன்சக்கரத்தில் ட்ரன்னியன் என்று ஒன்று இருக்கிறது. சக்கரம் திரும்பும்போது அதைத் தாங்கும் இரும்புத் தண்டு கீழ்ப்பக்கம் இந்தப் பித்தளைக் கட்டைக்குள்தான் சுழலும். அதற்கு 90ஆம் நம்பர் கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அல்ல. சர்வீஸ் கடைகளில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே போய்ச் சேராது, இரும்பு தேய்ந்து ஒரு நாள் வளைவில் ஒடியும், சக்கரம் மடங்கிவிடும். நானே ஒரு வண்டியை அப்படி ரோட்டோரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கூடவே பிரேக் சிலிண்டர் எல்லாம் புதுசு. பழைய பிரேக் லைனிங் தூசியை வாயால் ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ்.

பீளமேடு வாசு
மே 18

ஸ்பேனர் சார், உங்களுக்காக ஒரு சேதி.

டேஷ்போர்டுப் பெட்டியின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மில் டிரைவரின் கணக்கு நோட்டு. எல்லாம் பென்சில். பெட்ரோல், பஞ்சர், முதலாளி போன ஊர். நடுவில் மூன்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே வரி வருகிறது: “முன் ரெண்டு பக்கமும் கியர் ஆயில் விட்டது. கிரீஸ் வேண்டாம் என்று சொன்னேன்.”

நேற்று இரண்டு ட்ரன்னியனையும் பிரித்தோம். உள்ளே தேன் நிறத்தில் ஆயில். மரை ஒன்றுகூடத் தேயவில்லை. மெக்கானிக் அந்த நோட்டை வாங்கி, அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

காவலாளி மூலம் விசாரித்தேன். டிரைவர் காலமாகிவிட்டார். மகன் சூலூர் பக்கம் இருக்கிறார். போன வாரம் வந்து பார்த்தார். பின்கதவுக் கயிற்றைப் பார்த்ததும், “அப்பா கட்டினது. கைப்பிடி ஒடஞ்சப்போ ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாரு, வரவே இல்ல” என்றார்.

நல்லூர் கராச்
மே 19

இந்த வரியை என்ர ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அவன் டிறைவர்” எண்டு மட்டும் சொன்னார்.

பீளமேடு வாசு
ஆகஸ்ட் 24

நேற்று மாலை 5.40க்கு இஞ்சின் ஓடியது. டேங்க் கழுவி, கார்புரேட்டர் சுத்தம் செய்து, பாயிண்ட் புதிதாகப் போட்டோம். பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தோம், பாசிட்டிவ், இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. நல்லவேளை பார்த்தோம். முதலில் நீலப் புகை, பத்து நிமிடத்தில் குறைந்துவிட்டது. த்ரஸ்ட் வாஷர் புதிது போட்டு ஐந்து தவு வைத்தோம். இதுவரை ஏல விலையோடு சேர்த்து 2,61,000 ஆகியிருக்கிறது. டயரும் பின்பக்க ஸ்பிரிங் பட்டையும் பாக்கி. பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கின்றன, பட்டை களைத்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். இடது பின்கதவு உள்பக்கக் கைப்பிடி யாரிடமாவது இருக்கிறதா? உக்கடத்தில் தேடிவிட்டேன். புதுப்பேட்டையில் நண்பர் ஒருவர் இரண்டு ஞாயிறு அலைந்தார், கிடைக்கவில்லை.

அவிநாசி ரோடு
ஆகஸ்ட் 24

கயிறு இருக்கட்டும் சார். பெயிண்டைப் போல அதுவும் அந்த வண்டியின் சரித்திரம்தானே.

ஈரோடு லேத்
ஆகஸ்ட் 25

பின்சீட்டில் குழந்தைகள் உட்காருவார்கள். அவசரத்தில் கயிறு அறுந்தால்?

தாம்பரம் 48
ஆகஸ்ட் 27

அப்பாவின் டிரங்குப் பெட்டியை நேற்று இறக்கினேன். ஸ்பேனர், பழைய கேட் பாஸ், அதோடு செய்தித்தாளில் சுற்றிய இரண்டு உள்கைப்பிடிகள். ஒன்று இடது பின்கதவுக்கு உள்ளது. குரோம் கொஞ்சம் மங்கல், பல் நன்றாக இருக்கிறது. விலை பேச வேண்டாம். கூரியரில் அனுப்ப மனசில்லை, அடுத்த மாதம் கோவையில் ஒரு கல்யாணம், நானே கொண்டுவருகிறேன். அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

பீளமேடு வாசு
செப்டம்பர் 21

தாம்பரம் சார் காலையில் வந்தார். ஒரு ஸ்க்ரூ, ஒரு வாஷர், இரண்டு நிமிட வேலை. அவரே மாட்டினார். ஏழெட்டு முறை திறந்து மூடினார். பிறகு இருவரும் பின்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கயிற்றை முடிச்சு அவிழ்க்காமல் கழற்றினேன். நோட்டுக்குள் வைத்து, டேஷ்போர்டுப் பெட்டியில் எங்கே இருந்ததோ அங்கேயே வைத்துவிட்டேன்.